சீனக் கீரையின் வெளியிலைகள்

முள்ளங்கியை நறுக்கும்போது மூக்கில் ஏறுகிற மெல்லிய காரநெடியோடு, விடியற்காலையில் நனைத்த மண்ணின் குளிர்ச்சியும் கலந்த ஒரு மணம் உண்டு. சீனக் கீரையின் தடித்த வெள்ளைத் தண்டை நகத்தால் கீறினால் அது வரும். அகப்பை போல வளைந்த கரும்பச்சை இலைகளும் வெளுத்த தண்டுகளுமாக, அடியில் ஒன்றாய்ச் சேர்த்துக் கட்டியதுபோல நிற்கும் அந்தக் கீரையை இன்று கொழும்புக் கடைகளில் குளிர்ப்பெட்டிக்குள், ‘பொக் சோய்’ என்ற பெயரோடு, பொலித்தீனில் சுற்றி வைத்திருக்கிறார்கள். நான் அதை முதலில் கண்டது அறுபதுகளின் நடுப்பகுதியில், நெடுந்தீவில், ஏழாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது. அன்றைக்கு அதற்குப் பொலித்தீன் இல்லை, விலையும் இல்லை. ஒரு பதிவேடு இருந்தது. அந்தப் பதிவேட்டை வைத்திருந்தவள் நான்.

அரசாங்க அலுவலகங்களில், எங்கள் பேச்சில் கந்தோர்களில், எழுதுவினைஞராகத் தொடங்கி, நிர்வாக உத்தியோகத்தராக ஓய்வுபெற்றவள் நான். எந்தப் படிவம் எத்தனை பிரதியில் வேண்டும், எந்தக் கையொப்பம் எந்த முத்திரையின் எந்தப் பக்கத்தில் விழவேண்டும், எந்தக் கடிதத்துக்கு எத்தனை நாளுக்குள் பதில் போடாவிட்டால் அது பதில் போட்டதாகவே கருதப்படும் என்பதெல்லாம் எனக்குத் தூக்கத்திலும் தெரியும். என் பிரிவுபசார விழாவில், குறையுள்ள ஒரு கடிதக் கோவையையும் இந்த அம்மா மேலே போகவிட்டதில்லை என்று பேசினார்கள். இந்தக் குணத்தை நான் சேவையில் கற்றதாக எல்லோரும் நினைத்துக் கைதட்டினார்கள். உண்மையில் அது பன்னிரண்டு வயதில், நான்கு கீரைப் பாத்திகளின் ஓரத்தில் எனக்கு வந்தது. வந்த விதம் மேடையில் சொல்லக்கூடியதல்ல.

அந்த வருடம் கார்த்திகை மழை ஓய்ந்த கையோடு, விவசாயக் கந்தோரிலிருந்து எங்கள் பாடசாலைக்கு ஒரு கடதாசிப் பையில் விதையும், நாலு பக்கத் துண்டுப்பிரசுரம் ஒன்றும் வந்தன. மாவட்டப் பாடசாலைகளுக்கிடையே தோட்டப் போட்டி என்றார்கள். தோட்டத்துக்குப் பொறுப்பு பரமேஸ்வரி ரீச்சர். அவருக்கு வாசிப்புக் கண்ணாடி தேவைப்பட்டு, ஆனால் அதைப் போட்டுக்கொள்ள இன்னும் மனம் வராத வயது. பிரசுரத்தின் மை மங்கல், எழுத்துப் பொடி. ஆகவே வகுப்பு “மொனிற்றர்” ஆகிய என்னிடம் அது ஒப்படைக்கப்பட்டது. நான் உரக்க வாசிப்பேன், ரீச்சர் கேட்டுத் தலையாட்டுவார், பிறகு அது சட்டமாகிவிடும்.

முதற்பக்கத்தில் ஒரு பிள்ளை கீரைக்கட்டை நெஞ்சோடு அணைத்துச் சிரிக்கும் படம். இரண்டாம் பக்கத்தில் போசாக்கு. இந்தக் கீரையில் இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் “விற்றமின் ஏ”யும் உண்டு என்றும், பச்சை இலை போதியளவு உண்ணாத சிறுபிள்ளைகளுக்குப் பொழுதுபட்டபின் கண் தெரியாமற்போகும் மாலைக்கண் நோய் வரக்கூடும் என்றும், அதைக் கவனியாமல் விட்டால் பார்வைக்கே ஆபத்து என்றும் எழுதியிருந்தது. இதை நான் மனப்பாடம் செய்து, காலைக் கூட்டத்தில் கையை நீட்டி மடக்கிப் பேசினேன். “விற்றமின் ஏ” என்று நான் உச்சரித்த விதத்தில், அது எங்கள் குடும்பத்துக்கு உறுதி எழுதிக் கொடுத்த சொத்து என்று சிலர் நினைத்திருக்கக்கூடும்.

மூன்றாம் பக்கம் செய்கைமுறை. அதன் நடுவில் இரண்டு வாக்கியங்கள் இருந்தன. கன்றுக்கு எட்டு இலை வந்தபின் வெளிப்புறத்து இலைகளை ஒவ்வொன்றாகப் பறித்துச் சமைக்கலாம். நடுக்குருத்தைத் தொடாவிட்டால் பயிர் தொடர்ந்து துளிர்க்கும். அந்த இரண்டு வாக்கியங்களையும் நான் ரீச்சருக்கு வாசிக்கவில்லை. மறந்து விட்டதல்ல. முதற்பக்கத்துப் படத்திலுள்ள கீரைபோல ஒரு இலையும் குறையாமல் எங்கள் பாத்தி நிற்கவேண்டும், பார்க்க வருகிறவர் வாயைப் பிளக்கவேண்டும், பக்கத்தில் பதிவேட்டோடு நான் நிற்கவேண்டும் என்று எனக்கு இருந்தது. உரக்க வாசிக்கும்போது இரண்டு வாக்கியத்தைத் தாண்டிப் போவதற்கு ஒரு மூச்சு எடுக்கும் நேரம்கூடத் தேவையில்லை.

நெடுந்தீவில் பயிர் வைப்பது ஆட்டோடும் உப்போடும் நடத்துகிற வழக்கு. ஆட்டுக்குக் கடற்கல் அடுக்கிய வேலி உண்டு. உப்புக்கு வேலி கிடையாது. பாடசாலைக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் இலையோரம் கருகியது. கால் மைல் தள்ளியிருந்த நல்லதண்ணீர்க் கிணற்றிலிருந்து வாளியில் சுமந்துவர வேண்டும். அதற்குக் கடற்கரைப் பக்கத்துக் கத்தோலிக்கப் பிள்ளைகள் ஆறு பேரை விட்டார்கள். ‘அதுகள் பாரம் தூக்கிப் பழகினதுகள்’ என்று சொன்னது யார் என்பது எனக்கு நினைவில்லை. ஒருவரும் மறுக்கவில்லை என்பது நினைவிருக்கிறது. குடிக்கவே அளந்து எடுக்கிற தண்ணீரை, ஒருவரும் தின்னப்போகாத கீரைக்குச் சுமப்பதென்பது வேறெந்த ஊராருக்கும் தோன்றியிராது. எங்களுக்கு அது முன்னேற்றமாகத் தோன்றியது.

அந்த ஆறு பேரில் ஒருத்தி பிலோமினா. என் வகுப்புத்தான், கடைசி வரிசை வாங்கில் இருப்பாள். மெலிந்த, நெடிய பிள்ளை. வகுப்பில் வாய் திறக்கமாட்டாள். ஆனால் கையில் எது அகப்பட்டாலும் வாசிப்பாள், சுற்றிவந்த கடதாசியைக்கூட விரித்துப் பார்த்துவிட்டுத்தான் எறிவாள். தகப்பன் கடற்றொழில். வீட்டில் தாய் திரேசம்மாவும், நாலு வயதுத் தம்பி ஒருவனும்.

மார்கழி பிறந்தபோது கன்றுகளை ஐதாக்கினோம்; அதாவது நெருக்கமாய் நின்றவற்றைப் பிடுங்கிவிட்டு, பாத்திக்குப் பன்னிரண்டு என்று விட்டோம். பிடுங்கியதை எல்லோரும் ஒவ்வொரு பிடி வீட்டுக்குக் கொண்டுபோனோம். எங்கள் அம்மா அதை முளைக்கீரை மாதிரியே அவித்து, மத்தால் கடைந்து, தேங்காய்ப்பால் விட்டு இறக்கினார். சட்டியில் பச்சைத் தண்ணீரும் சில நாரும் மிஞ்சின.

“உதென்ன பிள்ளை, போட்டியெண்டு சொல்லி மாட்டுக்குப் புல்லு வளக்கிறியளோ?” என்றார் ஐயா.

நான் பிரசுரத்தின் நாலாம் பக்கத்தை எடுத்து, தண்டையும் இலையையும் வேறாக நறுக்க வேண்டும், தண்டை முதலில் வதக்கி இலையைக் கடைசியில் போடவேண்டும், மூடி போடக்கூடாது என்று அம்மா சமைக்கும் குசினியின் வாசலில் நின்று வாசித்தேன்.

“அப்ப உன்ரை கடுதாசியை அவிச்சுத் தின்” என்றார் அம்மா. எங்கள் வீட்டில் சீனக் கீரையின் சரித்திரம் அத்தோடு முடிந்தது.

மறுநாள் கிணற்றடியில், நான் வாளிகளை எண்ணிக்கொண்டு நின்றபோது பிலோமினா தானாகவே வந்து பேசினாள். அவள் என்னோடு பேசுவது அபூர்வம்.

“எங்கடை அம்மா உதைக் கூழுக்குள்ளை போட்டவ. ஒடியல் கூழுக்கு.”

“கூழுக்கோ?” ஒடியல் என்பது காயவைத்த பனங்கிழங்கு; அதன் மாவில் மீன் போட்டுக் காய்ச்சுவதுதான் எங்கள் கூழ்.

“ஓம். தண்டை மரவள்ளியோடை அவிய விட்டு, இறக்கேக்கை இலையைப் பிய்ச்சுப் போட்டவ. மீன் இல்லை, ‘கூனி’ இறால்தான் போட்டது. தம்பி திண்டவன். முருங்கையிலை குடுத்தால் துப்பிப்போடுவான், குறிஞ்சாவைக் கண்டால் ஓடுவான். உந்தத் தண்டை நண்டுக் காலெண்டு நினைச்சுச் சூப்பிறான்.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திச் சொன்னாள்: “அவனுக்குப் பொழுதுபட்டால் கண் தெரியேல்லை. நிலையிலை போய் முட்டுறான். ஆசுப்பத்திரியிலை பச்சை இலை குடுக்கச் சொன்னவை. இல்லாட்டி ஈரல். வாடைக்கு ஆர் கடலுக்குப் போறது?”

வாடைக்காற்று தொடங்கிவிட்டால் எங்கள் கடல் மனிதரோடு பேசாது. வள்ளங்கள் கரையில் கவிழ்ந்து கிடக்கும். வாரக்கணக்காக மீனும் இல்லை, சுறா ஈரலும் இல்லை. இது எனக்குத் தெரியும். மாலைக்கண்ணைப் பற்றியும் தெரியும், கூட்டத்தில் பேசியவள் அல்லவா? ஆனால் அந்த நோய் பிரசுரத்தின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறதென்று நினைத்திருந்தேனே தவிர, கரையோரத்து ஒரு கொட்டிலில் நிலைப்படியில் முட்டிக்கொள்ளும் என்று நினைக்கவில்லை. பிலோமினாவுக்கு நான் “விற்றமின் ஏ” பேச்சை இன்னொரு முறை, தனியாக, முழுவதும் பேசிக் காட்டினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

“இனி எப்ப ஐதாக்கிறது?” என்றாள்.

“அது முடிஞ்சுது. இனி ஆரும் தொடக்கூடாது. பாக்க வருவினம்.”

அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

பதிவேடு என் சொந்தக் கண்டுபிடிப்பு. ரீச்சர் கேட்டது கிழமைக்கு ஒருமுறை உயரம் மட்டும். நான் அடிமட்டம் வைத்துக் கோடுகள் கீறி, பாத்தி இலக்கம், கன்று இலக்கம், இலை எண்ணிக்கை, உயரம், குறிப்பு என்று ஐந்து நிரல் போட்டு, நாள்தோறும் காலையில் நாற்பத்தெட்டுக் கன்றின் இலைகளையும் எண்ணி எழுதினேன். மார்கழி நடுவில் எண்ணிக்கை பிசகத் தொடங்கியது. நேற்றுப் பத்து இருந்த கன்றில் இன்று ஒன்பது. அடுத்த நாள் வேறு நாலு கன்றில் அப்படி. ஆடு என்று முதலில் நினைத்தேன். ஆனால் ஆடு கன்றுக்கு ஒரு இலை என்று வரிசைமுறை பார்த்து மேயாது. பறித்தது எல்லாம் வெளியிலை. தண்டு அடியோடு, நகத்தால் சுத்தமாகக் கிள்ளப்பட்டிருந்தது. குருத்தில் ஒரு கீறல் இல்லை.

ஒருநாள் வேளைக்கே வந்து வேலிக்கு வெளியே நின்றேன். பிலோமினா முதலில் வந்தாள். இரண்டு வாளி தண்ணீரை அவசரமில்லாமல் ஊற்றினாள். பிறகு குந்தி, நாலு கன்றில் ஒவ்வோர் இலை கிள்ளி, ஈரத்துணியில் சுற்றி, “உமல்” என்று நாங்கள் சொல்லும் பனையோலைப் பையின் அடியில் வைத்து, அதன்மேல் கொப்பிகளை அடுக்கினாள். நான் அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருக்கலாம், ‘எடி, கவனம், ரீச்சர் வாறா’ என்று சொல்லியிருந்தால்கூட இந்தக் கட்டுரைக்குத் தேவை வந்திராது. நான் பதிவேட்டின் குறிப்பு நிரலில் அதை எழுதினேன். பின்னர் கொப்பித்தாள் ஒன்றைக் கிழித்து, திகதி, கன்று இலக்கம், குறைந்த இலை என்று பதினொரு நாள் கணக்கை வரிசையாக எழுதி, கடைசியில் மொத்தம் நாற்பத்தொன்று என்று கூட்டி, அடியில் இரண்டு கோடும் கீறி ரீச்சரிடம் கொடுத்தேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய முதல் உத்தியோகபூர்வ முறைப்பாடு அது. அதைவிடத் தெளிவாக ஒன்றைப் பின்னர் நான் எழுதியதில்லை.

ரீச்சர் உமலை வகுப்பின் முன்னால் கொட்டுவித்தார். நனைந்த துணி விரிந்து, நாலு இலை மேசையில் கிடந்தது.

“ஆரடி உனக்குப் பறிக்கச் சொன்னது?”

“ஒருத்தரும் இல்லை ரீச்சர். தம்பிக்கு. பொழுதுபட்டால் அவனுக்குக் கண் தெரியாது.”

பரமேஸ்வரி ரீச்சர் கொடியவர் அல்ல. அந்தச் சொல்லைக் கேட்டதும் அவருடைய முகம் சற்றுக் கலங்கியது. பிரம்பை எடுக்கப் போன கை மேசையிலேயே நின்றது. அவருக்கு வேண்டியிருந்தது ஒரு காரணம், ஒரு விதி. என் பக்கம் திரும்பினார்.

“பிள்ளை, அந்தக் கடுதாசியிலை இடையிலை பறிக்கலாமெண்டு ஏதும் கிடக்கோ?”

கடதாசி என் கையில்தான் இருந்தது. மூன்றாம் பக்கம் மேலே மடிந்திருந்தது.

“இல்லை ரீச்சர்” என்றேன்.

பிலோமினா என்னைப் பார்த்தாள். கெஞ்சுகிறாள் என்று அப்போது நான் எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொண்டது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

உள்ளங்கையில் இரண்டு அடி. பிறகு, தாயைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும் என்ற கட்டளை. இடைவேளையில், எங்களுக்குத் தரும் “பணிஸ்”சையும் பால்மாத் தண்ணீரையும் வாங்க வரிசையில் நின்றபோது பெடியன்கள் அவளைக் “கீரைக் கள்ளி” என்று கூப்பிட்டார்கள். “எடியே, பணிஸுக்குள்ளை இலை வைச்சுத் தரட்டோ?” என்று ஒருவன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், மொனிற்றர் சிரிக்கக்கூடாது என்று எந்த விதியிலும் இல்லை.

திரேசம்மா மறுநாள் வந்தார். உள்ளே வரச் சொல்லியும் வராமல் கல்வேலிப் படலையடியில் நின்றார். குரல் உயரவில்லை.

“களவெடுத்தது பிழைதான் ரீச்சர். அடிச்சது சரி. எனக்கு ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. உந்தக் கீரையை என்னத்துக்கு வளக்கிறியள்?”

“உது போட்டிக்கு. அதிகாரி வந்து பாப்பார்.”

“பாத்திட்டு?”

“பாத்திட்டுப் புள்ளி போடுவார்.”

“பிறகாவது ஆரும் தின்பினமோ?”

ரீச்சர் என் கையிலிருந்த பிரசுரத்தைப் பார்த்தார். அதற்குப் பதில் அதில் இருக்கவில்லை. “சரி, நீர் கோவியாதையும். போட்டி முடியட்டும். முதல் கட்டு உம்மடை பிள்ளைக்குத்தான்” என்றார் ஒரு சமாதானமாக.

“அவனுக்கு இண்டைக்கும் பொழுதுபடும், ரீச்சர்” என்றார் திரேசம்மா. சொல்லிவிட்டுப் பிலோமினாவின் கையைப் பிடித்துக்கொண்டு கரைப்பக்கம் நடந்தார். அந்தப் பிள்ளை பிறகு பாடசாலைக்கு வரவில்லை.

அதிகாரி தைப்பொங்கலுக்கு முன் வருவதாக இருந்தது. காற்று. படகு வரவில்லை. தைப்பூசத்தின் பின் என்றார்கள். மறுபடியும் காற்று. நான் நாள்தோறும் எண்ணினேன். இப்போது எண்ணிக்கை பிசகவே இல்லை. இலைகள் பருத்து, ஒன்றோடொன்று முட்டி, கீழிலைகள் மஞ்சளாகி, சிலது அழுகி விழத் தொடங்கின. அவற்றையும் ‘இயற்கை உதிர்வு’ என்று தனியாக எழுதினேன். வெயில் ஏறியதும் ஒவ்வொரு கன்றின் நடுவிலிருந்தும் ஒரு காம்பு கிளம்பியது. அதன் உச்சியில் கடுகுப் பூப் போல மஞ்சள் பூக்கள் வந்தன. மாசி பிறந்து கடல் அடங்கியபின் அதிகாரி வந்து இறங்கியபோது, எங்கள் கீரைப் பாத்தி ஒரு பூந்தோட்டமாக நின்றது.

அவர் மலைநாட்டில் பல வருடம் இந்தக் கீரையோடு பழகியவர். ஒரு இலையைக் கிள்ளி மென்று துப்பினார்.

“கசத்துப் போச்சு. ஏன் ரீச்சர் பறிக்காமல் விட்டனீங்கள்?”

“போட்டிக்கெண்டு வைச்சிருந்தம்.”

“இது பறிக்கப் பறிக்கத்தானே வாறது. வெளியிலையை எடுத்துக்கொண்டு வந்திருந்தால் இவ்வளவு நாளும் பிள்ளையள் எல்லாரும் திண்டிருக்கலாம். மூண்டாம் பக்கத்திலை போட்டிருக்கே.”

ரீச்சர் என் கையிலிருந்து பிரசுரத்தை வாங்கினார். கையை முழுதும் நீட்டி, கண்ணைச் சுருக்கி, மூன்றாம் பக்கத்தை வாசித்தார். அந்த இரண்டு வாக்கியத்தை வாசிக்க அவ்வளவு நேரம் தேவையில்லை. பிறகு அதை மடித்து, மடிப்பை விரலால் நீவி, என்னிடமே திருப்பித் தந்தார். ஒரு சொல்லும் சொல்லவில்லை. அன்றைக்கும் இல்லை, நான் சாதாரணதரப் பரீட்சை எடுத்து யாழ்ப்பாணம் போகும்வரையும் இல்லை. அடித்திருந்தால் எனக்கு அது ஒரு தீர்ப்பாக இருந்திருக்கும், தீர்ப்பு வந்தால் வழக்கு முடியும். அவர் கரைக்குப் போய்த் திரேசம்மாவைக் காணவுமில்லை. போனால் என்னையும் கூட்டிக்கொண்டு போகவேண்டி வரும் என்று அவர் நினைத்திருக்கலாம்.

பாத்திக்குப் பரிசு கிடைக்கவில்லை. ஆனால் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்த அதிகாரி, இப்படி ஒரு பதிவை மாவட்டத்தில் எங்கும் காணவில்லை என்றார். சில கிழமையில் எனக்கு ஒரு நற்சான்றிதழ் வந்தது. கீரை வளர்ந்ததற்கல்ல, கீரை வீணானதை நாள்வாரியாக எழுதியதற்கு. அதிகாரி வந்துபோன அன்று பின்னேரமே வேலியில் இரண்டு கல்லை எடுத்துவிட்டு ஆடுகளை உள்ளே விட்டார்கள். அரை மணித்தியாலத்தில் வேலை முடிந்தது.

பிலோமினாவின் தம்பிக்குக் கண் தெளிந்துவிட்டது என்று பங்குனியில் கேள்விப்பட்டேன். வாடை ஓய்ந்து, வள்ளம் இறங்கி, தகப்பன் சுறா ஈரல் கொண்டுவந்து உருக்கிக் கொடுத்தாராம். அதைக் கேட்டபோது எனக்கு வந்த நிம்மதி இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. பிள்ளை தப்பினானே என்ற நிம்மதி அதில் அரைவாசிகூட இல்லை. கந்தோரில் நாங்கள் ‘பாதிப்பு எதுவுமில்லை’ என்று எழுதிக் கோவையை மூடுவோமே, அந்த நிம்மதி. ஆனால் கடைசி வாங்கில் ஒரு இடம் வெறுமையாக இருந்தது. தொடர்ந்து வராத பிள்ளையின் பெயரை வகுப்பின் வரவு இடாப்பிலிருந்து நீக்குவதற்கும் ஒரு விதி உண்டு. நாள் கணக்குச் சரிவந்ததும் ரீச்சர் இடாப்பை என்னிடம் தந்தார். அடிமட்டம் வைத்து, சிவப்பு மையால், பிலோமினாவின் பெயரின் குறுக்கே நேராகக் கோடு கீறியது நான்தான்.

அவளை மறுபடி கண்டது எண்பதுகளின் தொடக்கத்தில். நான் யாழ்ப்பாணத்தில் ஒரு கந்தோரில் ஓரளவு பெரிய கதிரையில் இருந்தேன். காணி அலுவலாக ஊருக்குப் போகக் குறிகட்டுவான் துறையில் பின்னேரப் படகு ஏறினேன். எதிரே ஒரு பெண் பனையோலைக் கடகத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீர் மொனிற்றரெல்லோ?”

பெயரைச் சொல்லமுன்னமே எனக்குத் தெரிந்துவிட்டது. சுகம் கேட்டோம். இரண்டு பிள்ளைகள் என்றாள். திரேசம்மா போன வருடம் காலமாகிவிட்டதாகச் சொன்னாள். பின்னுக்குக் கையைக் காட்டி, “அந்தா சுக்கான் பிடிக்கிறவன்தான் தம்பி” என்றாள். வெயில் இறங்கிக் கடல் சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது. அந்த இளைஞன் கரையைப் பார்த்தபடி, ஒரு கையால் படகைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

“அம்மா சாகுமட்டும் அந்தச் சீனக் கீரையைச் சொல்லுவா. அப்பிடி ஒரு கீரை பிறகு எங்கடை கையிலை அம்பிடேல்லை” என்றாள் பிலோமினா. பிறகு, பழைய பகிடி ஒன்றைச் சொல்வதுபோல, “நான் ஒரு குருத்தையும் தொடேல்லை, கவனிச்சனீரோ?” என்று கேட்டாள்.

“ம்.”

“அந்தக் கடுதாசியிலை கிடந்தபடிதான் பறிச்சனான். நீர் ஒருநாள் மேசையிலை வைச்சிட்டுப் போக, எடுத்து வாசிச்சனான். மூண்டாம் பக்கம். அதுதான் எட்டு இலை வருமட்டும் பொறுத்தனான்.” தம்பி நின்ற பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “ரீச்சர் உம்மைக் கேக்கேக்கை, இப்ப சொல்லுவீர், இப்ப சொல்லுவீரெண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்.”

அந்தப் பாடசாலை முழுவதிலும் பிரசுரத்தில் சொன்னபடி நடந்தவள் அவள் ஒருத்திதான். நடைமுறை தெரிந்த நான் அதைக் களவு என்று எழுதிக் கொடுத்தேன். நடைமுறையைச் சரியாகச் செய்தவளின் பெயரைக் கோடிட்டு நீக்கினேன். படகு கரைக்குப் போகக் கால் மணித்தியாலத்துக்கு மேல் இருந்தது. அவள் கோபமாகவும் இல்லை. நான் சொல்லவேண்டியது நாலைந்து சொல்தான். எனக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. பன்னிரண்டு வயது என்று சாட்டுச் சொல்லவும் வழியில்லை.

“அப்பிடியோ? எனக்கு ஞாபகமில்லை” என்றேன்.

பிலோமினா மடியிலிருந்த கடகத்தைச் சரியாக இழுத்து வைத்தாள்.

“ஓம், உங்களுக்கு எத்தினை கடுதாசி. எல்லாத்தையும் ஞாபகம் வைச்சிருக்க ஏலுமே” என்றாள். அதுவரை ‘நீர்’ என்று பேசியவள் அதற்குப்பின் இறங்குதுறைவரை ‘நீங்கள்’ என்றே பேசினாள். இறங்கும்போது தம்பிதான் என் பையை வாங்கிக் கரையில் வைத்தான். “கவனம் அக்கா, கல்லு வழுக்கும்” என்று இருட்டுகிற வேளையில் எனக்குப் படியைக் காட்டிவிட்டான்.

அதற்குப் பின் வந்த வருடங்களைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. போரில் தீவுகள் காலியாயின, பிறகு பாதி நிரம்பின. ஓய்வுபெற்றபின் ஒருமுறை போனேன். பாடசாலையின் பழைய கட்டடம் இல்லை. பாத்திகள் இருந்த இடத்தில் சீமெந்து போட்டு முற்றமாக்கியிருக்கிறார்கள். கரையோரத்தில் கொட்டில்கள் நின்ற இடத்தில் கடற்கற்கள் மட்டும் முழங்கால் உயரத்துக்குக் கிடக்கின்றன. பதிவேட்டை யாரும் கேள்விப்பட்டதாகத் தெரியவில்லை. அன்று ஓடிய படகுகளும் இல்லை, அவற்றில் சுக்கான் பிடித்தவர்களும் போய்விட்டார்கள். பிலோமினா பிள்ளைகளோடு இராமேசுவரக் கரைக்குப் போனதாக ஒருவர் சொன்னார். இல்லை, கனடாவில் என்றார் இன்னொருவர்.

பிரிந்துபோனவர்களைத் தேடித் தருவதற்கு ஒரு படிவம் இருக்கிறது. எனக்கு அது நன்றாகத் தெரியும். சேவைக் காலத்தில் எத்தனையோ பேருக்கு நிரப்பிக் கொடுத்து, சிலரைக் கண்டுபிடித்தும் கொடுத்திருக்கிறேன். பிலோமினாவுக்காக ஒன்று எடுத்து வந்து ஆறு வருடமாகிறது. முழுப்பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர், பிறந்த இடம் எல்லாம் எழுதிவிட்டேன். இறுதியாகக் கண்ட இடம்: குறிகட்டுவான் – நெடுந்தீவுப் படகு. அடுத்த கட்டம், தேடுபவருக்கும் தேடப்படுபவருக்கும் உள்ள உறவு. ‘வகுப்புத் தோழி’ என்று பென்சிலால் எழுதி அழித்தேன். ‘ஊரவள்’ என்று எழுதி, அதையும் அழித்தேன். கடதாசி அந்த இடத்தில் மெலிந்து, மறுபக்கம் தெரிகிறது. அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தால் எந்த அலுவலகமும் படிவத்தை ஏற்காது. நானே அப்படி எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.